பத்து வாரப் பயிற்சி, மூன்றாம் வாரத்தில் நிறுத்தினேன்

பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஒரு மறுவாழ்வு மையம். நாள்பட்ட சோர்வு நோய்க்கான பத்து வாரத் திட்டத்தில் சேர்ந்தேன். பெயர் சொல்ல விருப்பமில்லை. இடம் சுத்தம், பிசியோ தங்கச்சி பொறுமையான பெண். குறை அங்கே இல்லை.

வாராவாரம் நடையைக் கூட்டினார்கள். மூன்றாம் வாரம் பதினைந்து நிமிடம். அன்று நன்றாகத்தான் இருந்தேன். மறுநாள் பல் துலக்கக் கை எழவில்லை. நான்கு நாள் இருட்டறையில் படுக்கை, அம்மாதான் கஞ்சி ஊட்டினார். கொஞ்சம் உழைத்தாலும் தாமதமாக வந்து தாக்கும் இந்தச் சரிவுதான் நோயின் முக்கிய அடையாளமே.

கேட்டதற்கு, ஆய்வில் நிரூபணமான முறை என்றார்கள். காட்டியது 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பேஸ் ஆய்வு. 641 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வு அது. சேர்வதற்கு உடல் இயக்க மதிப்பெண் (நூறுக்கு; கூடக்கூட நல்ல நிலை) 65 அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். பின்னால் 'குணமானவர்' என்று கணக்கிட்டபோது, அதே அளவில் 60 போதும் என்று வைத்தார்கள். அதாவது, அந்த அளவில் முன்பைவிட மோசமானவர்கூடத் தேறிவிடலாம்! இதை விடாமல் கேள்வி கேட்டவர்களில் நோயாளிகள் பலர். படுக்கையில் கிடந்தபடியே செய்த வேலை அது, நினைத்தாலே எனக்குக் கண் கலங்குகிறது.

சரி, 2021இல் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பே சான்றுகளை எடைபோட்டு, இப்படிப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைத் தர வேண்டாம் என்றது. அப்புறமும் ஏன் அதே கையேடு?

மீதிப் பணத்தை மறுக்காமல் தந்தார்கள். நைஸ் வழிகாட்டியை அச்செடுத்து அந்தத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.