பித்தப்பைக் கல்: துபாயிலேயே எடுப்பதா, வேலூருக்கு வந்து எடுப்பதா?

ஆற்காட்டுக்காரன் ஒருவன் துபாயில் ஆபரேஷன் செய்துகொண்டான் என்றால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வேலூருக்கு வருகிறார்கள், பாபு ராவ் தெருவில் பாதி போர்டு வங்காளத்தில்தான் இருக்கிறது, நீ என்னடா என்றால் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு அங்கே போய் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறாயே என்று அம்மா போனிலேயே அழுதார். சத்துவாச்சாரி மச்சான் அழவில்லை, திட்டினார்.

ஆனாலும் துபாயிலேயே செய்துகொண்டேன். அதே நிலையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் இப்போது என்னிடம் கேட்கிறார்கள், அதனால் என் கணக்கை எழுதி வைக்கிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது இப்போதே தெரிந்துவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் நடந்தது. ஷார்ஜாவில் 'ஆம்பூர் பிரியாணி' என்று போர்டு போட்ட ஒரு கடையில் சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு, அது அப்படியே முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது. வாயு என்று ஈனோ கரைத்துக் குடித்தேன். விடியும்வரை ரூமில் குறுக்கும் நெடுக்கும் நடந்ததுதான் மிச்சம். காலையில் ஸ்கேனில் மூன்று கல், பெரியது 14 மில்லிமீட்டர். இப்போதைக்கு அவசரமில்லை, ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் பையோடு எடுத்துவிடுங்கள், கல் நகர்ந்து குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய வீக்கம் என்று போய்விடும் என்றார் டாக்டர். அந்த ஒன்றிரண்டு மாதம் கிடைத்ததால்தான் இந்த ஒப்பீடே. காய்ச்சல், மஞ்சள் காமாலை, விடாத வலி என்று இருந்தால் யோசிக்கவே கூடாது, இருக்கிற ஊரில் உடனே படுக்க வேண்டியதுதான், விமானத்தில் ஏறக் கூடாது.

டாக்டர் திறமை, சுத்தம் இதையெல்லாம் நான் ஒப்பிடப் போவதில்லை. லேப்ராஸ்கோபியில் பித்தப்பை எடுப்பது இரண்டு ஊரிலும் தினசரி நடக்கிற வேலை. மொழியும் பிரச்சினை இல்லை, துபாயில் ஒரு சாதாரண கிளினிக்கில் தமிழோ மலையாளமோ இந்தியோ ஏதாவது ஒன்று ஓடிவிடும்.

செலவைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டப்படி தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டியது முதலாளியின் கடமை, அந்தப் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. என் சம்பளம் 4,000 திர்ஹத்துக்குக் கீழே என்பதால் எனக்கு அடிப்படைத் திட்டம்தான். ஆண்டுக்கு 1,50,000 திர்ஹம் வரை. வெளி நோயாளியாகப் போனால் 20 சதவீதம் நம் கை, மருந்துக்கு 30 சதவீதம், அட்மிட் ஆனால் 20 சதவீதம், ஆனால் ஒரு முறைக்கு 500 திர்ஹத்துக்கு மேல் கேட்க மாட்டார்கள், ஆண்டு முழுக்கச் சேர்த்து 1,000. ஆக ஆபரேஷனுக்கு நான் கட்டியது 500 திர்ஹம், பன்னிரண்டாயிரம் ரூபாய் சுமார். வேலூரில் மச்சான் விசாரித்த இடங்களில் அறை வகையைப் பொறுத்து அறுபதாயிரத்தில் தொடங்கி ஒன்றேகால் லட்சம் வரை சொன்னார்கள். இந்தியாவில் ஒரு பாலிசி போட்டுவிட்டு வந்து படுக்கலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அது நடக்காது, பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு என்றே 24 மாதக் காத்திருப்பு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதுவும் நமக்கு இல்லை.

ஷார்ஜா, அஜ்மான் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் இன்சூரன்ஸ் கட்டாயம். ஆண்டுக்கு 320 திர்ஹத்தில் ஓர் அடிப்படைத் திட்டம் வந்திருக்கிறது. அதில் விதிகள் கொஞ்சம் வேறு, கார்டோடு வரும் தாளைப் படித்துவிடுங்கள்.

சரி, செலவில் துபாய் ஜெயித்தது. ஆனால் அதற்காக நான் துபாயைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு லட்சம் ஆனாலும் அம்மா பக்கத்தில் படுக்கலாம் என்றால் அதைக் கொடுத்திருப்பேன், நகையை வைத்தாவது. என்னைத் திருப்பியது லீவு.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு 30 நாள் லீவு, அது காலண்டர் நாள், ஞாயிறும் அதில்தான் கழியும். வேலூரில் செய்வதென்றால் நான் போட்ட கணக்கு இது: வந்து இறங்கி மறுநாள் பதிவு, டாக்டர், ரத்தம், ஸ்கேன், இதயப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரின் சம்மதம், அப்புறம் ஆபரேஷன் தேதி. கூட்டம் உள்ள எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் தேதி நம் ரிட்டர்ன் டிக்கெட்டைப் பார்த்து வராது. அப்பாயின்ட்மென்ட்டை இங்கிருந்தே ஆன்லைனில் போடலாம். ஆனால் அது டாக்டரைப் பார்க்கத்தான், ஆபரேஷன் தியேட்டருக்கு இல்லை. இரண்டு வாரத்தில் தேதி கிடைத்தால் அதிர்ஷ்டம். அட்மிஷன் இரண்டு மூன்று நாள், தையலைப் பார்க்க ஒரு வாரம் பத்து நாள், அப்புறம் பறக்கலாம் என்று ஒரு கடிதம். எண்ணிப் பாருங்கள், முப்பது நாளும் போயிற்று. ஒரு நாள் தள்ளிப் போனாலும் சம்பளம் இல்லாத லீவு கேட்டு மேனேஜர் முன் நிற்க வேண்டும். பொங்கலுக்கு வருவது, பிள்ளைக்குக் காது குத்துவது எல்லாம் அடுத்த வருஷம்.

துபாயில் செய்தால் இந்த முப்பது நாளில் ஒன்றுகூடத் தொட வேண்டாம், ஏனென்றால் அது நோய் விடுப்பு, தனிக் கணக்கு. 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி தகுதிகாண் காலம் முடிந்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள் வரை: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளமில்லை. மூன்று வேலை நாளுக்குள் கம்பெனிக்குத் தகவலும் மருத்துவச் சான்றும் போய்விட வேண்டும். எனக்கு டிஸ்சார்ஜ் கவுன்டரிலேயே சான்று கொடுத்தார்கள், அதைப் போனில் படம் பிடித்து ஹெச்.ஆர்.க்கு அனுப்பினேன், வேலை முடிந்தது. மொத்தம் 12 நாள், முழுச் சம்பளத்தோடு.

அதே நோய் விடுப்பை வேலூரில் படுத்துக்கொண்டு எடுக்க முடியாதா என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. ஹெச்.ஆர். அம்மாவிடம் நானும் கேட்டேன். எடுக்கலாம், ஆனால் இந்தியச் சான்று என்றால் அமீரகத் தூதரக முத்திரை வரை வாங்கி வர வேண்டும் என்றார். வயிற்றில் நாலு ஓட்டையோடு சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக யார் அலைவது, மச்சானா? உங்கள் கம்பெனி இளகலாம், அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது சம்பள நாளில் நிற்காது.

துபாய்ப் பக்கத்திலும் எரிச்சல் இல்லாமல் இல்லை. அடிப்படைத் திட்டத்தில் நேராக சர்ஜனைப் பார்க்க முடியாது, முதலில் பொது மருத்துவர் சீட்டு எழுத வேண்டும். இன்சூரன்ஸ் செல்லும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் பளபளப்பான ஆஸ்பத்திரி ஒன்றும் இருக்காது, எனக்குக் கிடைத்தது துபாயின் தேரா பகுதியில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், அதை இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு முறை திருப்பி அனுப்பியது: எத்தனை நாளாக வலி, முன்பே தெரியுமா, பழைய ஸ்கேன் உண்டா என்று. திட்டத்தில் முதன்முறை சேருபவருக்கு ஏற்கெனவே இருந்த நோய்க்கு முதல் ஆறு மாதம் கவர் கிடையாது, அதைப் பிடிக்கத்தான் இந்தக் கேள்வி. நான் ஆறு வருஷமாக உள்ளே இருப்பதால் தப்பித்தேன், ஆனாலும் ஒன்பது நாள் இழுத்தது, அந்த ஒன்பது நாளும் இட்லியும் ரசமும்தான். புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள், அவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

அட்மிட் ஆன அன்று கவுன்டரில் எமிரேட்ஸ் ஐடியை நீட்டியபோது எனக்கு நம்மூர் லாட்ஜ்தான் ஞாபகம் வந்தது. சிட்டகாங்கிலிருந்து வந்தவர் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, லாட்ஜ்காரர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பார். அதே நிற்பு. ராத்திரி டிரிப் மாற்ற வந்த கோட்டயத்து நர்ஸ் ஊர் எது என்றார். வேலூர் பக்கம் என்றேன். கையில் இருந்த பாட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேலூரிலிருந்து இங்க வந்து ஆபரேஷனா? நான் நர்ஸிங் படிச்சதே அங்கதானே!" பாகாயம் பஸ், கோட்டை அகழி, மே மாத வெயில் என்று பத்து நிமிஷம் பேசினார். வலி கொஞ்சம் மறந்தது.

ஆள்துணையில் வேலூர்தான், இதில் சந்தேகமே இல்லை. பேரணாம்பட்டு ரூம்மேட் ஒருவர் இரண்டு ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினார், கஞ்சி வைத்துக் கொடுத்தார், அதற்கு மேல் ஒருவரிடம் என்ன கேட்க முடியும்? முதல் தடவை கட்டிலிலிருந்து எழும்போது ஒரு கை தேவைப்படும், அந்த நேரம் பார்த்து அவர் ஷிப்டில் இருந்தார். ரூமில் மேல் பங்க்கில் படுப்பவர்கள் கீழ் பங்க் ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய விஷயம்தான், ஆனால் ஏணி ஏறிப் பார்த்தால் தெரியும். சில வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். நான் வேர்ஹவுஸ் ஆள், ஒரு மாதம் என்னைப் பில்லிங் மேசையில் உட்கார வைத்தார்கள். ஊருக்கு வந்து செய்திருந்தால் ஆபரேஷன் முடிந்த கையோடு முப்பது கிலோ பெட்டியை ஏர்போர்ட்டில் இழுத்திருப்பேன், அம்மா ஊறுகாய் வைக்காமலா விடுவார்.

யாரும் யோசிக்காத இன்னொன்று மாத்திரை. இந்தியாவில் ஆபரேஷன் முடிந்து எழுதிக் கொடுக்கும் வலி மாத்திரையில் டிரமடால் இருக்கலாம், இருமல் மருந்தில் கோடீன் இருக்கலாம். இரண்டும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அந்த நாட்டு அரசின் ஆன்லைன் அனுமதி இல்லாமல் பையில் கொண்டுபோனால் ஏர்போர்ட்டிலேயே வம்பு. வேலூரில் செய்துகொள்பவர்கள் டாக்டரிடம், நான் துபாய் திரும்புகிறேன், அதற்குத் தகுந்தாற்போல் எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டையும் அட்டையோடு மாத்திரையையும் சேர்த்தே வையுங்கள்.

அப்படியானால் எப்போது வேலூர்? ஒரு தடவையில் முடியாத எல்லாவற்றுக்கும். புற்றுநோய், கிட்னி, திரும்பத் திரும்பப் போய்க் காட்ட வேண்டிய எதுவும். துபாய் இன்சூரன்ஸ் விசாவோடு கட்டியது, வேலை போனால் அதுவும் போகும், பாதி வைத்தியத்தில் நடுத்தெருவில் நிற்க வேண்டி வரும். என் பெரியப்பா மகன் அப்படி ஒரு நிலையில் முதலிலேயே ஊருக்கு வந்தான், அவன் செய்தது சரி. வேலூர் டவுனுக்குள் போக அலுப்பாக இருந்தால் 2022இல் திறந்த சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் ரத்தினகிரி பக்கம் இருக்கிறது, ஆற்காட்டிலிருந்து இன்னும் கிட்டே. மனைவி பிள்ளைகளைக் குடும்ப விசாவில் வைத்திருப்பவர்கள், பிரசவம் பார்ப்பவர்கள் விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன், நான் பேச்சிலர் ரூம் ஆள்.

பல் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊரில்தான். அடிப்படைத் திட்டத்தில் பல் வைத்தியம் கிடையாது, அவசரமானால் தவிர. ரூட் கனால் இரண்டு மூன்று சிட்டிங்கில் முடியும், அது லீவுக்குள் அடங்கும். காப்பாற்றி வைத்த முப்பது நாளில் பொங்கலுக்கு வந்தேன். அம்மா வந்த அன்றே சட்டையைத் தூக்கச் சொல்லி நாலு தழும்பையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தூண்டு ஓட்டைக்கா அவ்ளோ நாள் சோறு தின்னாம கெடந்த?" என்றார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மச்சான் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு கடைவாய்ப் பல்லைக் காட்ட வேலூருக்குக் கூட்டிப்போனார். காத்திருந்த ஒரு மணி நேரமும் அவர் வேறெதுவும் பேசவில்லை, இதைத்தான் அப்பவே சொன்னேன் என்பதைத் தவிர.