2015 என்று விலை போட்டு 2021-ஐ ஊற்றினார்கள்

டர்பனில் விருந்து வைக்க நல்ல உணவகம் தேடுகிறீர்களா? ஒயினும் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் அண்ணன் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து உம்ஷ்லாங்கா கடற்கரைப் பக்கம் ஓர் உணவகத்தில் மேசை பிடித்தோம். சாப்பாட்டில் குறை இல்லை, இறால் பிரமாதம். ஏமாற்று வேலையெல்லாம் ஒயினில்தான்.

அண்ணனுக்குப் பினோடாஜ் என்ற சிவப்பு ஒயின் என்றால் உயிர். பினோ நுவார், சான்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளை இனக்கலப்பு செய்து 1925-இல் ஸ்டெல்லன்போஷில் பேரோல்ட் என்ற விஞ்ஞானி உருவாக்கிய திராட்சையில் செய்வது அது, நம் தென்னாப்பிரிக்காவின் சொத்து என்பார். பட்டியலில் ஒரே பண்ணையின் 2015 அறுவடை ஒயினும் 2021 அறுவடை ஒயினும் இருந்தன. பழையது 1,350 ராண்ட், புதியது 520. ஒயின் செய்யும் கேப் பகுதிக்கு 2015 அருமையான அறுவடை ஆண்டு. அவருக்காக அதையே இரண்டு போத்தல் கேட்டோம்.

போத்தல் வரவில்லை. கண்ணாடிக் குடுவை இரண்டில் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். பழைய ஒயினில் அடிமண்டி இருக்கும், அதனால் உள்ளேயே வடித்துவிட்டோம் என்றார் பரிமாறியவர். வடிப்பது வழக்கம்தான். ஆனால் மூடியைத் திறக்கும் முன் லேபிளைக் காட்டுவதும், கொஞ்சம் ஊற்றி ருசி பார்க்கச் சொல்வதும் அதே அளவுக்கு வழக்கம். கார்க் கெட்டுப்போய் ஈர அட்டை வாடை அடிக்கிறதா என்று பார்க்கத்தானே அந்த ஒரு வாய்?

அண்ணன் கிளாஸைச் சாய்த்து வெள்ளை மேசைத்துணிக்கு மேலே பிடித்தார். "தம்பி, இது பழசு இல்லப்பா. ஓரம் பாரு, நாவல்பழக் கலர்ல இருக்கு." வயதான சிவப்பு ஒயினுக்கு ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். போத்தலைக் காட்டச் சொன்னோம். ரொம்ப நேரம் கழித்து வந்தது. லேபிளில் 2021.

மேனேஜர் வந்தார். 2015 தீர்ந்துவிட்டதாம், அதே பண்ணை என்பதால் மாற்றிக் கொடுத்தார்களாம். சரி, விலை? பில்லில் இரண்டும் 2015 விலையிலேயே இருந்தன. அதாவது 1,660 ராண்ட் அதிகம். அதோடு நாங்கள் கொண்டுபோன கேப் கிளாசிக் என்ற நுரை ஒயின் போத்தலுக்கு 120 ராண்ட் கார்க்கேஜ், அதாவது சொந்தப் போத்தல் கொண்டுவந்தால் வாங்கும் கட்டணம். முன்பதிவு செய்தபோது முதல் போத்தலுக்குக் கட்டணம் இல்லை என்று போனில் சொன்னவர்கள் அவர்களேதான். பெரிய மேசை என்று சேவைக் கட்டணத்தையும் சேர்த்துவிட்டு, கார்டு மெஷினில் டிப்ஸ் எவ்வளவு என்று வேறு கேட்டார்கள். அண்ணன் எதிரில் தகராறு வேண்டாம் என்று அக்கா கண்ணைக் காட்டினார். கார்க்கேஜை மட்டும் கழித்தார்கள்; மிச்சத்தை ஆட்சேபத்தோடு கட்டினேன்.

தென்னாப்பிரிக்கச் சான்று முத்திரை போத்தல் கழுத்தில் இருந்தால், லேபிளில் உள்ள ஊர், திராட்சை, ஆண்டு மூன்றுக்கும் அது உத்தரவாதம். ஆண்டைப் போட வேண்டுமென்றால் குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டு அறுவடையாக இருக்க வேண்டும். குடுவையில் வந்தால் இதெல்லாம் எங்கே தெரியும்? அதனால் மூடிய போத்தலை மேசைக்கு வரவழையுங்கள், லேபிளைப் போட்டோ எடுங்கள். கார்க்கேஜ் பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வித்தியாசத் தொகையைக் கேட்டு எழுதினேன். அடுத்த முறை வந்தால் இனிப்பு இலவசம் என்று பதில் வந்தது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு, பில், லேபிள் படங்களோடு மறுபடி எழுதியிருக்கிறேன். இந்த முறையும் இனிப்புதான் என்றால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போகும்.