புதுப் பாம்புக்குக் கிளிப் மூடிப் பெட்டி: எது தேறும், எது தேறாது

பழைய பாம்புகளுக்கு நோய் தொற்றாமலிருக்க, புதிதாக வந்த பாம்பை 90 நாளாவது தனியாக வைக்க வேண்டும், முடிந்தால் வேறு அறையில். அதற்குக் கண்ணாடித் தொட்டியைவிட, துணிமணி போட்டு வைக்கும் கிளிப் மூடிப் பிளாஸ்டிக் பெட்டியே மேல். சிலிகான் ஒட்டு கிடையாது, இடுக்கு குறைவு. மைட் எனும் உண்ணி முட்டையிட ஒளிவிடம் கிடைக்காது. எடையும் குறைவு, அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கழுவலாம்.

குறை மூடியில்தான். இரண்டு முனையில் மட்டும் கிளிப் உள்ள பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள். மூடியை மாட்டிவிட்டு, நீளப் பக்கத்தின் நடுவை விரலால் நெம்பிப் பாருங்கள். பென்சில் நுழைகிற சந்து தெரிந்தால் கார்ன் ஸ்னேக் குட்டி அதில் வெளியேறிவிடும். நான்கு பக்கமும் கிளிப் இருப்பதே சரி.

காற்றுத் துளையை நாமே போட வேண்டும். வெளியே ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்து, உள்ளிருந்து வெளியே ட்ரில் செய்தால் பிளாஸ்டிக் விரியாது, பிசிறும் வெளிப்பக்கம் போய்விடும். உள்ளே பிசிறு இருந்தால் பாம்பு உரசி உரசி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

ஹீட் மேட் எனும் மின்சூட்டு விரிப்பு பெட்டிக்கு அடியில், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு அதைத் தள்ளிவிடும், தண்ணீர் கொட்டி நனையும். குளிர்ச்சி என்று தெர்மோஸ்டாட் நினைக்கும், மேட் சூடேறிக்கொண்டே போகும், பாம்பின் வயிறு வெந்துவிடும். உள்தரையைத் தனியாக அளந்து சரிபாருங்கள்: பால் பைத்தான் (ball python) எனும் மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 31–32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 போதும்.

தரைக்கு வெள்ளை டிஷ்யூ பேப்பர் மட்டும். மரத்தூளில் எதுவும் கண்ணுக்குப் படாது. தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் கிடந்தால் அவை மூழ்கிச் செத்த மைட்கள். கண்ணோரச் செதிலையும் தாடையடி மடிப்பையும் உடனே பாருங்கள். மைட் இருந்தால் சிகிச்சை முடிந்தபின் 90 நாளை முதலிலிருந்து எண்ணுங்கள். கிண்ணம், இடுக்கி எல்லாம் தனி. தினமும் பழைய பாம்புகளைக் கவனித்து முடித்தபின்தான் இந்தப் பெட்டியைத் தொட வேண்டும்.

தின்றதைக் கக்கி, உடலின் நடுவில் வீக்கமும் தெரிந்தால் கிரிப்டோஸ்போரிடியம் எனும் ஒட்டுண்ணிக் கிருமியாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் மலப் பரிசோதனை கேளுங்கள். இந்தக் கிருமி ப்ளீச்சுக்குச் சாகாது. உறுதியானால் பெட்டியைக் கழுவிக்கொண்டிருக்காமல் தூக்கிப் போட்டுவிடலாம். கண்ணாடித் தொட்டியை அப்படிப் போட யாருக்கும் மனசு வராது.