மருந்து யார் கையில் இருந்தது?

மொரிஷியஸில் தமிழ்க் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் கப்பலில் வந்த ஒருவரின் சொந்தப் பெயர். இராமசாமி என்று ஒருவர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கியிருப்பார். குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அவர் மகனுக்கும் பேரனுக்கும் ஐந்தாம் தலைமுறைப் பேத்திக்கும் அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் இனிஷியல் மாறுகிறது. மகன் தன் அப்பாவின் பெயரைச் சுமக்கிறான். நாங்கள் எல்லோரும் ஒரே கிழவரின் பெயரைச் சுமக்கிறோம். நடுவில் வந்த அப்பாக்கள் எங்கள் பெயரில் இல்லை.

ஓரான் பாமுக் 2016இல் துருக்கி மொழியில் வெளியிட்ட, சிவந்த கூந்தல்காரி ஒருத்தியின் பெயரால் அமைந்த நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்தபோது இதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாவலுக்குள் இரண்டு பழங்கதைகள் போட்டி போடுகின்றன. ஒன்று கிரேக்கரின் ஈடிப்பஸ், மற்றொன்று பாரசீகரின் ருஸ்தம் சொஹ்ராப். படிக்கப் படிக்க நம்முடைய மூன்றாவது கதை ஒன்று தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. முடிவைச் சொல்லாமல் இதைச் செய்ய வழியில்லை என்பதால், நாவலை இனிமேல் படிக்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வரலாம்.

ஜெம் என்ற பையனின் தந்தை மருந்துக்கடைக்காரர், இடதுசாரி. ஒருநாள் குடும்பத்தை விட்டு மறைந்துவிடுகிறார். கல்லூரிக்குப் பணம் சேர்க்க, பையன் மஹ்மூத் என்ற கிணறு வெட்டும் மேஸ்திரியிடம் வேலைக்குப் போகிறான். இஸ்தான்புல்லுக்கு வெளியே ஓங்கோரென் என்ற ஊர். மேஸ்திரி அவனுக்கு இன்னொரு தந்தையாகிறார். திட்டுகிறார், கதை சொல்கிறார், சோறு போடுகிறார். ஊருக்கு வந்த நாடகக் குழுவில் இருக்கும் சிவந்த கூந்தல்காரியோடு அவனுக்கு ஓர் இரவு வாய்க்கிறது. மறுநாள் மேலிருந்து அவன் கையை விட்டு வாளி நழுவிக் கிணற்றுக்குள் விழுகிறது. கீழே மேஸ்திரி. செத்துவிட்டார் என்று எண்ணிப் பையன் ஊரைவிட்டே ஓடிவிடுகிறான்.

தோண்டும் பக்கங்கள்தாம் நாவலின் உயிர் என்பேன். மண் அடுக்கடுக்காக நிறம் மாறுவதும், பாறை வந்து வேலை நிற்பதும், தண்ணீர் வராத நாள் நீள்வதும் எங்கள் தீவுக்காரருக்கு உடம்பில் படும். எங்கள் கரும்புத் தோட்டங்களின் நடுவே இன்றும் கருங்கல் குவியல்கள் மேடு மேடாக நிற்கின்றன. எரிமலை கக்கிய அந்தப் பாறைகளைக் கையால் பொறுக்கிக் குவித்துத்தான் நிலத்தைக் கரும்புக்கு ஆயத்தம் செய்தார்கள்.

ஈடிப்பஸைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நீட்டப் போவதில்லை. மூன்று பாதைகள் கூடும் இடத்தில் முன்பின் தெரியாத கிழவரை ஒருவன் கொல்கிறான். கிழவர் அவன் தந்தை. சொபோக்ளிஸின் நாடகம் கொலையைவிட விசாரணையில்தான் நிற்கிறது. கேட்கக் கேட்க உண்மை அவனையே சுற்றி வளைக்கிறது. தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். இதற்கு இணையான கட்டுக்கோப்பு வேறு எந்தக் கதையிலும் இல்லை. ஆனாலும் எனக்கு இதில் மூச்சு முட்டுகிறது. எல்லாம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. மனிதர் யாரும் வேறு மாதிரி நடந்திருக்க இடமே இல்லை.

பிர்தௌசி 1010ஆம் ஆண்டு வாக்கில் முடித்த பாரசீகக் காப்பியமான ஷாநாமாவில் வரும் கதை தலைகீழ். தந்தை மகனைக் கொல்கிறான். ருஸ்தம் தஹ்மீனாவிடம் ஒரு காப்பைக் கொடுத்து, ஆண் பிள்ளை பிறந்தால் கையில் கட்டு என்று சொல்லிப் போனவன்; மகனை ஒருமுறைகூடப் பார்க்காதவன். வெவ்வேறு படைகளில் நின்று இருவரும் மோதுகிறார்கள். மகன் பெயர் கேட்கிறான், தந்தை மறைக்கிறான். முதலில் கீழே விழுந்தவன் ருஸ்தம்தான். ஒருவனை இரண்டாம் முறை வீழ்த்திய பிறகே கொல்லலாம் என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். அடுத்த முறை மகன் கீழே. தந்தை சற்றும் தாமதிக்கவில்லை. காப்பு அதற்குப் பிறகுதான் கண்ணில் படுகிறது.

எங்கள் முன்னோர்களின் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. 1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். வயது, உயரம், ஊர், தந்தை பெயர். 1860களிலிருந்து புகைப்படமும் உண்டு. என் தந்தை எழுபது வயதில் தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவைப் பிரதி எடுத்து வந்தார். மேசைமேல் வைத்துவிட்டு அன்று முழுவதும் பேசவில்லை. ருஸ்தமின் கையில் அந்தக் காப்பு இருந்த நேரம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடையாளம் இருந்தது, ஆனால் காலம் கடந்து கைக்கு வந்தது.

ஆகவே ஈடிப்பஸா ருஸ்தமா என்றால், எங்களுக்கு ருஸ்தம் என்று தயங்காமல் சொல்வேன். அவன் கதையில்தான் மனிதர்கள் செய்திருக்கக்கூடியது ஒன்று பாக்கி இருக்கிறது. மகன் குற்றுயிராகக் கிடக்கும்போது ருஸ்தம் அரசன் கைகாவூஸிடம் ஆள் அனுப்புகிறான். எந்தக் காயத்தையும் ஆற்றும் நோஷ்தாரு என்ற மருந்து அரசனிடம் இருக்கிறது. மகன் பிழைத்தால் இருவரும் சேர்ந்து தன் ஆட்சிக்கு ஆபத்தாவார்கள் என்று அரசன் அதைத் தர மறுக்கிறான். சொஹ்ராப் செத்த பிறகு வந்த நோஷ்தாரு என்பது பாரசீகத்தில் இன்றும் பழமொழி.

இந்த இடத்தில்தான் பப்ருவாகனன் நினைவுக்கு வந்தான். பாரதத்தின் அசுவமேத பருவத்தில், குதிரையைத் தொடர்ந்து அருச்சுனன் மணலூருக்கு வருகிறான். அங்கே ஆள்பவன் அவனுக்கும் சித்திராங்கதைக்கும் பிறந்த மகன். தமிழ் மரபு சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாகவே சொந்தமாக்கிக்கொண்டது. மகனுக்குத் தந்தை யார் என்று தெரியும்; பணிவோடு எதிர்கொண்டு வரவேற்கிறான். தந்தையோ, ஆயுதத்தோடு வந்தவனை வணங்குகிறாயே, நீ க்ஷத்திரியனா என்று இகழ்கிறான். அருச்சுனனின் இன்னொரு மனைவியான நாககன்னிகை உலூபி மகனைப் போருக்குத் தூண்டுகிறாள். அம்பு பட்டு அருச்சுனன் சாய்கிறான். பின்பு உலூபியே நாகமணியைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். மகன் அதைத் தந்தையின் மார்பில் வைக்க, தந்தை எழுகிறான்.

இதைச் சுப முடிவு என்று தள்ளிவிடக் கூடாது. அருச்சுனன் வீழ்ந்தது பீஷ்மரை அவன் வீழ்த்திய முறைக்கான கழுவாய் என்று உலூபி விளக்குகிறாள். தாத்தா முறையானவரைக் கொன்ற கணக்கு மகன் கையால் தீர்கிறது. மூன்று தலைமுறைகளை ஒரே அம்பில் கோத்த கதை மற்ற இரண்டிலும் இல்லை. எனக்கு இதில் ஒரே குறை, பப்ருவாகனனுக்குக் கோபமே தரப்படவில்லை என்பது. இத்தனை ஆண்டுகள் எட்டிப் பார்க்காத தந்தையிடம் அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தகப்பன்சாமியான முருகனையும் இந்த வரிசையில் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. கோர் த கார்ட் மலைக் கோயிலுக்குக் காவடியோடு ஏறிய எனக்கு அந்தக் கதையின் இனிமை தெரியும். ஆனால் அங்கே காயம் இல்லை, ஆகவே மருந்தும் இல்லை.

மூன்றையும் இப்படி வைத்த பிறகு நாவல் எனக்கு வேறாகத் தெரிந்தது. பாமுக்கைப் படிக்கும் பலர் யார் யாரைக் கொன்றார் என்பதில் நிற்கிறார்கள். ஜெம்மின் குற்றம் வாளி நழுவியதில் இல்லை; யாருடைய கையும் நழுவும். கிணற்றடியில் ஒரு மனிதர் கிடக்க, ஊரைக் கூப்பிடாமல் ஓடினான். கைகாவூஸ் செய்தது அதுவே. மேஸ்திரி உண்மையில் பிழைத்துக்கொண்டார் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் அவனுக்குத் தெரிகிறது. அதற்குள் அவன் கட்டடத் தொழிலில் பெரும் பணக்காரன்; தன் நிறுவனத்துக்குச் சொஹ்ராப் என்று பெயர் வைத்தவன். அந்த ஓர் இரவில் பிறந்த மகன் என்வரை அதே கிணற்றருகே சந்திக்கிறான். ஜெம் தன் துப்பாக்கியாலேயே, கண்ணில் சுடப்பட்டுச் சாகிறான்.

இங்கே பாமுக்கிடம் எனக்கு வருத்தம் உண்டு. கண்ணில் சுட்டதோடு கதை கிரேக்கர் பக்கம் சாய்ந்து, இரண்டாம் பகுதி முழுவதும் ஜெம் ஓவியங்களிலும் நூல்களிலும் இந்தக் கதைகளைத் தேடியதற்குக் கணக்குச் சரியாக முடிந்துவிடுகிறது. வாழ்க்கை இவ்வளவு கச்சிதமாகப் பழங்கதைக்குள் போய் உட்காராது. கிணறு தோண்டிய அந்த ஒரு மாதத்தில் எந்தப் பழங்கதையும் தேவைப்படாமலேயே ஒரு தந்தையும் மகனும் கண்முன் நின்றார்கள்.

ஆனால் கடைசிப் பகுதியைச் சிவந்த கூந்தல்காரி சொல்கிறாள். அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஈடிப்பஸின் தாய் ஜொகாஸ்டா தூக்கில் தொங்கினாள்; தஹ்மீனா அழுது மடிந்தாள்; உலூபி மட்டுமே கையில் மணியோடு நின்றாள். இவள் உலூபியைப் போல எல்லாம் அறிந்தவள், மணி மட்டும் இல்லாதவள். சிறையில் இருக்கும் மகனிடம் நடந்ததையெல்லாம் எழுதச் சொல்கிறாள். நாம் படித்து முடித்தது அந்த எழுத்துத்தான்.

நண்பர்கள் கேட்டால் இந்த வரிசையில் படிக்கச் சொல்கிறேன்: முதலில் சொஹ்ராப் பகுதி, பிறகு நாவலின் கிணற்றுப் பகுதி, அடுத்து அசுவமேத பருவத்தின் மணலூர் அத்தியாயங்கள், அதன் பின் நாவலின் மீதி. ஈடிப்பஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். என் தந்தைக்கு மணலூரை மட்டும் வாசித்துக் காட்டினேன். நாகமணி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பையன் அதற்குப் பிறகு அப்பாவோடு போனானா, அங்கேயே இருந்துவிட்டானா என்று கேட்டார். வேள்விக்கு அஸ்தினாபுரம் வருகிறான் அப்பா, தன் தாயோடும் உலூபியோடும் என்றேன்.