கோக்கின் சறுக்கலா, பெப்சியின் மூடியா: எது பெரிய சொதப்பல்?

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பலகையும் மாறிவிட்டது. ஆனால் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பழகியதில் கை வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாலே போதும்.

போன வருடம் ஒரு பிஸ்கட் கம்பெனி தன் சிவப்பு டின்னை வெள்ளையாக்கியது. உள்ளே அதே சரக்கு. மாதா மாதம் வாங்கும் பாட்டி ஒருவர் டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கினார், மூடியை முகர்ந்தார், “இது டூப்ளிகேட்டு தம்பி, பழச எடு” என்று தள்ளிவிட்டார்.

2009 ஜனவரியில் அமெரிக்காவில் ட்ராப்பிகானா ஆரஞ்சு ஜூஸுக்கும் இதே கதிதான். ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழப் படத்தை எடுத்துவிட்டு, கிளாஸில் ஜூஸ் இருக்கும் படத்தைப் போட்டார்கள். வழக்கமாக வாங்குகிறவர்களுக்கே தங்கள் ஜூஸ் எது என்று அடையாளம் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீதம் இறங்கியது. பிப்ரவரி முடிவதற்குள் பழைய அட்டைப்பெட்டியே திரும்பி வரும் என்று அறிவித்துவிட்டார்கள். டோப்ளரோன் சாக்லேட் இன்னொரு ரகம்: 2016இல் பிரிட்டனில் முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, 170 கிராமை 150 ஆக்கினார்கள். இது ரசனைக் கோளாறு இல்லை, எடைக்கல்லில் கை வைக்கும் வேலை. இரண்டு வருடத்தில் பழைய வடிவத்துக்கே வந்தார்கள்.

சரி, பெரிய ஆட்டக்காரர்களுக்கு வருவோம். பெப்சியின் ருசிப் போட்டி விளம்பரங்களால் ஆடிப்போன கோக், 1985 ஏப்ரல் 23 அன்று தன் பழைய பக்குவத்தையே மாற்றியது. கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியமில்லை. ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கக் கொடுத்துத்தான் இறங்கினார்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டவர்கள், பழையதை எடுத்துவிட்டால் சம்மதமா என்பதைச் சரியாகக் கேட்காமல் விட்டார்கள். நாளைக்கு 400 அழைப்பு வந்துகொண்டிருந்த தொலைபேசிக்கு 1,500 வரத் தொடங்கியது. 79 நாளில் பழைய கோக் திரும்பியது, அப்புறம் முன்னைவிட நன்றாகவே விற்றது. எல்லாமே திட்டமிட்ட நாடகம் என்றுகூடச் சிலர் பேசினார்கள். நாங்கள் அவ்வளவு முட்டாளும் இல்லை, அவ்வளவு கெட்டிக்காரர்களும் இல்லை என்று அதன் தலைவர்களில் ஒருவரான டொனால்ட் கியோ பதில் சொன்னார். எனக்குப் பிடித்த பதில்.

பெப்சியின் கதை நமக்குப் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸில். 1992இல் போத்தல் மூடிக்குள் மூன்று இலக்க எண் அச்சடித்து ஒரு பரிசுப் போட்டி நடத்தினார்கள். உச்சப் பரிசு 10 லட்சம் பெசோ. மே 25 அன்று டிவியில் 349 என்று அறிவித்தார்கள். பெரிய பரிசு ஒன்றிரண்டு மூடிக்குத்தான் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அதே எண் பல லட்சம் மூடிகளில் அச்சாகியிருந்தது.

நாங்களும் தோட்டத்து லயத்தில் மூடி பொறுக்கி வளர்ந்தவர்கள்தான். சாப்பாட்டுக் கடை வாசலில் குனிந்து பொறுக்கி, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய வட்டத்தைக் கத்தி முனையால் கிளப்பிப் பார்ப்போம். எழுத்து சேர்க்கும் போட்டி. எல்லோரிடமும் எல்லா எழுத்தும் இருக்கும், கடைசி எழுத்து மட்டும் யாரிடமும் இருக்காது. ஒரு டீ சட்டைக்கே ராத்தூக்கம் போனது. அப்படியிருக்க, கூலிக் குடும்பத்துக்குப் 10 லட்சம் என்று சொல்லிவிட்டு மறுநாள் இல்லை என்றால்?

சரியான பாதுகாப்புக் குறியீடு இல்லாத மூடி செல்லாது என்றது கம்பெனி. சமாதானத்துக்கு 500 பெசோ நீட்டியது. நான்கரை லட்சத்துக்கும் அதிகமானோர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். லாரிகள் எரிந்தன. 1993இல் பெப்சி லாரி மீது வீசிய குண்டு வெடித்து ஓர் ஆசிரியையும் 5 வயதுச் சிறுமியும் இறந்தார்கள். வழக்கு இழுத்து இழுத்து, 2006இல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பரிசு தர வேண்டியதில்லை என்று முடித்தது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் குழப்பமே இல்லை, மூடிதான் மோசம். கோக் ருசியை எடுத்தது, திருப்பிக் கொடுத்தது, கணக்கு நேராகிவிட்டது. 349ஐ வைத்திருந்தவனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? இன்னொன்றும் உறுத்துகிறது. 2009இல் ட்ராப்பிகானா யாருடையது தெரியுமா? பெப்சிகோவுடையது. அமெரிக்காவில் ஒரு பழப் படத்துக்கு இரண்டு மாதத்தில் பணிந்தவர்கள், மணிலாவில் 14 வருடம் வழக்காடினார்கள்.

போன வாரம் ஒரு சேல்ஸ்மேன் பரிசுப் போட்டி போஸ்டரோடு கடைக்கு வந்தார். “நம்பர தப்பா அச்சடிச்சிட்டா யாருண்ணே பதில் சொல்றது?” என்று கேட்டேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். போஸ்டர் இன்னும் கல்லா அடியில் சுருட்டியபடியே கிடக்கிறது.