'கேஸ்தான்' என்று அனுப்பிவிட்டார்கள், வயிற்றில் ஓட்டை இருந்தது

வீட்டுப் பெரியவர்கள் மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறார்களா? அப்படியென்றால் இதைப் படித்துவிடுங்கள். அப்பாவுக்கு வயது 68. முழங்கால் வலிக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டே நாலு மாதமாக டைக்ளோஃபெனாக் என்ற வலிமாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறார். இதயத்துக்கென்று தினம் ஒரு ஆஸ்பிரின் வேறு. சிகரெட்டையும் விடவில்லை. ஆனால் வயிறு வலிக்கிறது என்று அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு விடிகாலையில் திடீரென்று மேல்வயிற்றில் குத்திக் கிழிக்கிற மாதிரி வலி. அசைந்தால் கூடுகிறது என்று சுருண்டு கிடந்தார், வலது தோளும் வலிக்கிறது என்றார். அருகிலிருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அந்த டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கேஸ்தான், தோள் படுத்ததில் பிடித்திருக்கும்" என்று சொல்லி ஓர் ஊசி போட்டார். அதுவும் எது? அதே டைக்ளோஃபெனாக்! ஊசியாகப் போட்டால் வயிற்றைக் கெடுக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எந்த வழியாகப் போனாலும் அது ரத்தத்தில் கலந்து, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைக் குறைத்துவிடுமாம்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் வலி தணிந்தது, நாங்களும் ஏமாந்தோம். ஓட்டை விழுந்த சிலருக்கு நடுவில் இப்படி ஒரு தணிவு வரும், உள்ளே கிருமித்தொற்று பரவிக்கொண்டுதான் இருக்கும் என்று பிறகு அறுவை மருத்துவர் சொல்லித்தான் தெரியும். இரவுக்குள் வயிறு பலகை மாதிரி இறுகி, காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்து பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். நிமிர்த்தி வைத்து எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே காற்று, அதாவது ஓட்டை வழியாக வெளியே கசிந்த காற்று. உடனே ஆபரேஷன், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை எடுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைத்தார்கள். இதில் தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்தைக் கூட்டுமாம், நாங்கள் ஒரு முழுப் பகலைத் தொலைத்திருந்தோம்.

முன்பெல்லாம் இப்படி வருகிறவர்களில் புகைபிடிக்கும் நடுவயது ஆண்கள்தான் அதிகமாம், இப்போது வலிமாத்திரை போடும் முதியவர்கள், பெண்களும் நிறைய. இவர்களில் பலருக்கு அல்சர், அதாவது வயிற்றுப் புண், இருந்ததே ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியவருகிறது. கூடவே ஸ்டீராய்டும் எடுத்தால் வலி, காய்ச்சல் எல்லாம் அமுங்கிப்போய் இன்னும் தாமதமாகும். அப்புறம் அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி (இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் மார்ஷல், வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்கு 2005இல் நோபல் கொடுத்தார்கள்), அப்பாவுக்கு அதுவும் இருந்தது.

அதற்காக ஆஸ்பிரினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், வயிற்றைக் காக்கிற மாத்திரை சேர்க்க வேண்டுமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். திடீரென்று இப்படி வலி வந்தால் கிளினிக்கில் நேரத்தைப் போக்காமல் நேராக எக்ஸ்ரேயும் ஸ்கேனும் உள்ள இடத்துக்குப் போங்கள், போடுகிற எல்லா மாத்திரையின் பெயரையும் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அப்பா வீடு திரும்பிய பிறகு அந்த கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். "அப்போது அறிகுறி எதுவும் தெரியவில்லையே" என்றார். அவர் எழுதிய சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் 'கேஸ்' என்ற சொல்லும் ஊசியின் பெயரும் மட்டும்தான், நாடித்துடிப்பைக்கூடக் குறிக்கவில்லை.