அம்மா தனியாக இருக்கும் ஊர்

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கினால், புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி வர இரண்டு மணி நேரம். திருமயம் கோட்டை கண்ணில் பட்டுவிட்டால் வீடு வந்த மாதிரிதான். 2024 நவம்பரில், தீபாவளிக் கூட்டம் வடிந்த பிறகு, மூன்று வார விடுப்பில் போயிருந்தேன். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட வேண்டும், வீட்டு வரியை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் விடுப்பு எடுத்தேன். மனதில் இருந்த கேள்வி வேறு. 71 வயதில் அம்மா இந்த ஊரில் தனியாக இருந்துகொள்ள முடியுமா? இந்தத் தடவை ஊரை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதல் ஆறுதல் குழாயடியில் கிடைத்தது. காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் தனிப் பெருமை. அம்மா இன்றும் கேன் தண்ணீர் வாங்குவதில்லை. குழாயில் வருவதைப் பிடித்து, செப்புக் குடத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி வைக்கிறார். வந்த அன்று நின்றபடியே இரண்டு சொம்பு குடித்தேன்.

மூன்றாம் நாள் நல்ல மழை. எங்களுடையது சின்ன ஓட்டு வீடு. செட்டியார் வீடுகளைப் போல நடு முற்றத்தோடு பெரிய வளவெல்லாம் கிடையாது. ஆனால் பழக்கம் ஒன்றுதான். முதல் மழை ஓட்டைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழைக்குத் தாழ்வாரத்துத் தகரத்தின் கீழ் அம்மா அண்டாவை இழுத்து வைத்தார். வற்றாத ஆறில்லாத சீமை இது. கூரையில் விழுந்த மழை முற்றத்துக்கு, முற்றத்தில் மிஞ்சியது தெரு வாய்க்காலுக்கு, அங்கிருந்து ஊருணிக்கு என்று முன்னோர் கணக்குப் போட்டுத்தான் வீடும் தெருவும் கட்டினார்கள். மழை விட்டதும் எங்கள் பக்கத்து ஊருணியைப் போய்ப் பார்த்தேன். படித்துறையில் மூன்றாவது படிகூட நனையவில்லை. தண்ணீர் வரும் வரத்து வாய்க்கால் மேலேயே கொட்டகை நிற்கிறது; மிச்சமிருக்கிற வாய்க்காலில் சாக்கடை ஓடுகிறது. சின்ன வயதில் அங்கே குடிக்கத் தண்ணீர் எடுத்திருக்கிறோம், கால் கழுவக்கூட விடமாட்டார்கள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. தூர்வாரினோம் என்று கரையைச் சுற்றி நடைபாதை போட்டால் மட்டும் போதாது, தண்ணீர் வரும் வழியைத் திறந்துவிட வேண்டும்.

இனி சான்றிதழ் கதை. இறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் கையில் இருந்தன. நான் போன ஓர் அலுவலகத்தில் முதல் நாள் நெட் இல்லை. மறுநாள் சம்பந்தப்பட்டவர் லீவு. மூன்றாம் நாள், குடும்ப அட்டையில் அப்பாவுக்கு ஒரு இனிஷியல், இறப்புச் சான்றில் இரண்டு இனிஷியல், இது எப்படி ஒரே ஆள் என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பதில் இல்லை. வெளியே வந்ததும் ஒருவர் பின்னாலேயே வந்து, "அவசரம்னா சொல்லுங்கக்கா, ஆள் இருக்கு" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாளும் அம்மாவையும் கையெழுத்துக்காகக் கூட்டிப்போயிருந்தேன். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. குடையை ஊன்றிக்கொண்டு அம்மா சுவரோரமாக நின்றதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அப்புறம் வேறொரு இ-சேவை மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் தாள்களைப் பரப்பிப் பார்த்து, பத்து நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று எந்தத் தாள் காட்டும், எதை முதலில் ஏற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய், அவ்வளவுதான். சிக்கல் என் பக்கம்தான் மிச்சமிருந்தது. என் ஆதாரில் இருந்தது நான் ஊரை விட்டுப் போனபோது வைத்திருந்த பழைய நம்பர். அது எப்போதோ போய்விட்டது, ஓடிபி வர வழியில்லை. புது நம்பர் சேர்க்க அப்போது 50 ரூபாய், கைரேகை, சில நாள் காத்திருப்பு. வெளிநாட்டில் இருப்பவர்களே, ஊரில் இறங்கிய அன்றே இதை முதல் வேலையாக முடித்துவிடுங்கள். எனக்கு ஒரு வாரம் இதில்தான் போனது.

அதே வாரம், ஒரு நாள் காலையில் வாசலில் "அம்மா" என்று குரல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் பெண். பையிலிருந்து கருவியை எடுத்து அம்மாவின் கையில் கட்டி பிரஷர் பார்த்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். "போன தடவைக்கு இப்ப தேவலை, ஊறுகாயை மட்டும் குறைங்கம்மா" என்றார். 2021-இல் இந்தத் திட்டம் வந்தபோது செய்தியாகப் படித்ததோடு சரி. அன்று அந்தப் பெண்ணுக்கு நானே காபி போட்டுக் கொடுத்தேன். கட்டணமில்லாத டவுன் பஸ்ஸும் அப்படித்தான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அம்மா யாரையும் எதிர்பார்க்காமல் அரியக்குடிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பஸ்ஸில் முதல் படி மட்டும் கொஞ்சம் உயரம்.

மாலையில் வெள்ளைப் பணியாரம். தெருமுனை ஆச்சி என்னைப் பார்த்ததும், "எப்பத்தா வந்தே? இளைச்சுப் போயிட்டியே" என்றார். ஒரு உழக்கு பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து, அந்த அளவு இன்னும் மாறவில்லை. வெண்ணெயாக ஆட்டிய மாவைக் கரண்டியில் எடுத்து எண்ணெயில் விட்டால், அமுங்கி, புரண்டு, ஓரம் முறுக்கிக்கொண்டு மேலே வரும். சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். வரமிளகாய்ச் சட்னியோடு ஆறு தின்றேன். அம்மாவுக்கு இரண்டு, சட்னி இல்லாமல்.

டீக்கடையில் பேச்செல்லாம் மாநகராட்சிதான். 1928-இல் நகராட்சியான ஊர், 2024-இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலையோடு சேர்ந்து மாநகராட்சி ஆகியிருக்கிறது. ஒரு பெரியவர், நிதி வரும், ரோடு வரும் என்றார். சுற்றுக் கிராமத்திலிருந்து பால் கொண்டுவரும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊராட்சியைச் சேர்த்துட்டா நூறு நாள் வேலை போச்சு, வரியும் ஏறும். என் வீட்டுக்காரி எங்கே போவா?" அவர் கேட்டது நியாயம். பக்கத்து ஊராட்சிகளைச் சேர்க்கும்போது அந்தப் பெண்களின் கூலிக்கு என்ன வழி என்பதை முதலில் சொல்ல வேண்டும். எனக்கும் ஒன்று கேட்க இருக்கிறது. மாத்திரை வாசலுக்கு வருகிறது. கணவரை இழந்த 71 வயதுப் பெண்ணின் கையெழுத்தை வாங்கவும் யாராவது வாசலுக்கு வரலாமே? விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் எப்படியும் தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுத்தானே போகிறார்?

நான் திரும்பிப் பதினைந்து நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. சித்தி மகன் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறான். வீட்டு வரிப் பெயர் மாற்றம் அடுத்த பயணத்துக்கு.

கிளம்புவதற்கு முந்தைய இரவு, பெட்டி கட்டிக்கொண்டே கேட்டேன். "பேசாம என்கூட வந்துடுறீங்களாம்மா?"

அம்மா மனகோலப் பலகாரத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார். "மாத்திரை கொண்டுக்கிட்டு அந்தப் பொண்ணு வருமே. வீடு பூட்டிக் கிடந்தா பதறிப் போயிடாது?" என்றார்.